மாடிக் கோபுரமும் இடது காதும்

2023 நவம்பர் 14

காலையிலிருந்து மழை. கடையில் இருமல் பாணியும் பெனடோலும்தான் போயின. பதினொரு மணி போல ஒரு லொறி வந்து பாமசி வாசலை மறித்து நின்றது. இரும்புக் கால்கள், தடித்த வயர்கள், வெள்ளைப் பெட்டிகள். எல்லாம் மேலே, மொட்டை மாடிக்கு. போன் கொம்பனிக்காரர்கள் டவர் வைக்கிறார்கள். மக்கீன் நானா மாடியை வாடகைக்குக் கொடுத்துவிட்டார்.

கட்டடமும் அவருடையது, பாமசியும் அவருடையது. நான் பல வருடமாக அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். வேலையாட்களுக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: "இனி நிஷா எடுத்தா ரோட்டுக்கு ஓடத் தேவல்ல தங்கச்சி. உள்ளுக்கு இருந்தே பேசேலும்."

மகள் நிஷா மெல்பேர்னிலிருந்து போன் எடுக்கும்போது கடைக்குள் சரியாகக் கேட்பதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான்.

எங்கள் வீடு கட்டடத்துக்கு நேர் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம். வேலை முடிந்து போய்ப் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் குசினி ஜன்னலருகே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றார். என்னைக் கேட்கவில்லை. டவரைக் கேட்டார்.

டிசம்பர் 20

இவருக்கு இடது காதில் இரைச்சல். தூரத்தில் யாரோ அடுப்பிலிருந்து குக்கரை இறக்க மறந்துவிட்டது போல இருக்கிறதாம். டவர் வேலை செய்யத் தொடங்கிய கிழமையிலிருந்து என்கிறார். காதுக்கு விடும் சொட்டு மருந்து கொண்டுவந்தேன்.

2024 ஜனவரி 9

சொட்டு மருந்தால் ஒன்றும் ஆகவில்லை. இப்போது தலையிடி வேறு.

இவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி சிங்களத்தில் சொன்னதைத் தமிழிலும், தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டிய வேலை. ஓய்வுபெற்ற பிறகும் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று வீட்டிலிருந்து மொழிபெயர்த்துக் கொடுக்கிறார். எதை எடுத்தாலும் கடைசி வரி வரை வாசிப்பார். இப்போது டவரிலிருந்து வரும் அலைகளைப் பற்றி வாசிக்கிறார்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். உலக அளவிலான ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இந்த அலைகளைப் புற்றுநோயை "உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் போட்டிருக்கிறதாம்.

"அந்த வகையில வேற என்னென்ன இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். "ஊறுகாயும் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் தட்டில் தேசிக்காய் ஊறுகாய் இருந்தது. அதை ஒதுக்கவில்லை.

ஜனவரி 28

அனீஸா டீச்சர் வீட்டில் டவரைப் பற்றிக் கூட்டம். ஒழுங்கையில் உள்ள வீடுகளிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். டீச்சரின் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். "புள்ளைக்கு என்னவும் ஆகினா யாரப் போய்க் கேக்கிற?" என்று டீச்சர் கேட்டார். இவர் மகஜரை மூன்று மொழியிலும் எழுதி வாசித்தார். டவரை அகற்று என்று எழுதவில்லை. அளந்து சொல்லுங்கள், எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் எழுதியிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நானும் கையெழுத்து வைத்தேன். நாளைக்கு மக்கீன் நானாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஜனவரி 29

நானாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் வழமை போலத் தன்னுடைய பிறஷர் குளிசையை என்னிடம்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பெப்ரவரி 22

மகஜரைப் பார்த்துக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் அளக்க வந்தார்கள். பெரியவர் ஒருவர், இளம் பெண் அதிகாரி ஒருத்தி. அவள் கையில் நீளக் கைப்பிடியில் வெள்ளைப் பந்து பொருத்திய ஒரு மீட்டர். கடை வாசலில், டீச்சரின் முற்றத்தில், எங்கள் குசினியில், இவர் தலை வைத்துப் படுக்கிற இடத்தில் என்று எல்லா இடத்திலும் பிடித்துப் பார்த்தாள். திரையை மறைக்காமல் இவருக்கே காட்டினாள். அனுமதிக்கப்பட்ட வரம்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

"இந்த வரம்பை யார் வைத்தது?" என்று இவர் சிங்களத்தில் கேட்டார்.

வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்று வைத்ததைத்தான் இங்கேயும் பின்பற்றுவதாகச் சொன்னாள். உடம்பைச் சூடாக்காத அளவு.

"சூடு மட்டும்தானா? வருஷக்கணக்காக இதற்குக் கீழே படுத்தால்?"

அவள் மழுப்பவில்லை. "நிரூபணமான பாதிப்பு எதுவும் இதுவரை இல்லை, சேர். ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. என் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று நிற்கிறது" என்றாள்.

போவதற்கு முன் இவருடைய போனில் யாருடனாவது பேசச் சொல்லிவிட்டு மீட்டரை அருகில் பிடித்தாள். எண் ஏறியது. டவரைவிட இது அதிகம் என்று காட்டத்தான் செய்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். எனக்கு மனம் லேசாகிவிட்டது. தேத்தண்ணி கொண்டுவந்து பார்க்கிறேன், இவர் போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 16

கொம்பனிக்காரர்கள் பாமசிக் கண்ணாடியில் மும்மொழியில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். இவர் வந்தார். டவர் வந்த பிறகு கடைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மூன்றையும் வாசித்துவிட்டு, வரிசையில் நின்ற சனங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கு தெரியுமா? பாதிப்பு உண்டுன்னு இதுவரைக்கும் நிறுவப்படலையாம். தமிழ்ல என்ன போட்டிருக்கு? எவ்விதப் பாதிப்பும் கிடையாதாம். ரெண்டும் ஒண்ணா? கோர்ட்டுல நான் இப்படிச் சொல்லியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

மக்கீன் நானா உள்ளேயிருந்து வந்தார். "இளங்கோ, என்ட பேரப்புள்ளைகளும் இதுக்குக் கீழதானே படுக்கிற. நஞ்செண்டு தெரிஞ்சா நான் வெப்பேனா?"

"நஞ்சுன்னு நான் சொல்லல. தெரியாதுன்னு சொல்றேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஒட்டி வைக்காதீங்க."

நானா நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்தத் தாளைக் கிழித்தெடுத்தார். வரிசையில் நின்றவர்கள் மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

இவர் சொன்னது சரிதான். ஒரு எழுத்துப் பிழையில்லை. ஆனால் இத்தனை பேர் முன்னிலையில், அந்த மனுசனை... பெருநாளுக்குப் பெருநாள் அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் வரும். இனி வராது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. பொங்கல் வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும், "வேலையை விட்டுடு பாலா" என்றார்.

விட முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு அந்த வேலை பிடிக்கும் என்றேன்.

வீட்டில் வைஃபை பெட்டியைக் கழற்றி ஒரு மாதமாகிறது. என் போனை வாசல் கேட்டிலேயே அணைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நிஷா எடுக்கும் நேரத்தில் நான் ரோட்டில் நின்று பேசுகிறேன். அப்பாவிடம் கொடுங்க என்கிறாள். அவர் வரமாட்டார். இன்று அழுதுவிட்டாள். "நல்ல நாள்ல கூட அப்பா எங்கூடப் பேச மாட்டாராம்மா?"

மே 30

தன் படுக்கையை டவரிலிருந்து தள்ளியுள்ள முன் அறைக்கு மாற்றிவிட்டார். அங்கே ஒற்றைக் கட்டில்தான் கொள்ளும்.

ஜூலை 11

அனீஸா டீச்சரின் பேத்தி பிறந்து நன்றாக இருக்கிறாள். அந்தச் சந்தோசத்தில் மகஜரை டீச்சரே மறந்துவிட்டார். மற்றவர்களும் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டார்கள். போன் தெளிவாகக் கேட்கிறது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள். இவர் மட்டும்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார், கொழும்புக்கும் மாகாண சபைக்கும்.

வேலையும் குறைந்துவிட்டது. போன கிழமை வந்த ஒருவர் சொன்ன பெயரை இவர் தவறாகக் கேட்டு எழுதிவிட்டார். அந்த மனிதர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே திருத்தச் சொன்னார். ஆனால் இவர் அன்று முழுவதும் பழைய பிரதிகளை எடுத்துப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அந்த இரைச்சலால்தான் என்கிறார். நடக்கும்போதும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். அதுவும் டவர்தான்.

எனக்கு அலுத்துப் போய்விட்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அலுத்துத்தான் போய்விட்டது.

ஆகஸ்ட் 19

எங்கள் வழமையான டொக்டரிடம் கூட்டிப் போனேன். உட்கார்ந்ததும் உட்காராததுமாக இவர் டவரைப் பற்றித் தொடங்கினார். வரம்பு, அலைவரிசை, எந்தெந்த நாட்டில் என்ன சட்டம். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். காதைப் பார்க்கவில்லை. இவரும் காட்டவில்லை. இவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம், "மனசுதாம்மா. பயம். நித்திரை வந்தாச் சரியாயிரும்" என்று ஒரு குளிசை எழுதித் தந்தார்.

அந்தக் குளிசையை நானே கடைத் தட்டிலிருந்து எடுத்து, நானே உறையில் போட்டு, நேரம் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நிஷாவிடம் சொன்னேன். அவளும் அப்படித்தான் நினைத்தாளாம். இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி, அவருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று தெரிந்துவிட்டது போல.

செப்டம்பர் 8

இவர் ஹேவாஹெட்டவுக்குப் போய்விட்டார்.

கோபித்துக்கொண்டு போகவில்லை. அங்கே இருக்கும் பெரியதம்பி இவருடைய பெரியப்பா மகன். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் வீடு பள்ளத்தாக்கில் இருக்கிறது, போனில் ஒரு சிக்னல் கோடுகூட எடுக்காத இடம். "கொஞ்ச நாளைக்குப் போய் இருந்து பார்க்கிறேன்" என்றார். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். "உனக்குத்தான் வேலை இருக்கே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் வலிக்கிறது.

பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது போனை அணைக்காமலே கேட்டுக்குள் நுழைந்தேன். உள்ளே போய் உட்கார்ந்து நிஷாவுக்கு எடுத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

தலாத்துஓயா வழியாகப் போகும் பஸ்ஸில் போய் இறங்கி, மலைச் சரிவில் நடந்து இறங்கினேன். இவர் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதமாகிறது. நன்றாகத் தூங்குகிறாராம். முகத்தில் சதை பிடித்திருக்கிறது.

"காது இரைச்சல்?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா இங்க அது என்னைப் பயமுறுத்தல."

இருக்கிறதா? டவரே இல்லாத இடத்திலுமா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். மறுபடியும் சண்டை எதற்கு? நிம்மதியாக இருக்கட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும்.

பெரியதம்பி அண்ணன் வீட்டுக்கு மேலே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வேலாயி என்ற அம்மாவும் இன்னும் சில பேரும் வந்திருந்தார்கள். வேலாயியின் மருமகளுக்குப் போன வருடம் எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. அம்புலன்சைக் கூப்பிட வேண்டுமென்றால் மலையுச்சி வளைவு வரை ஏறிப் போனால்தான் போன் எடுக்கும். மகன் மழையில் ஏறிப் போய்க் கூப்பிட்டு, வண்டி வந்து, இவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் பிள்ளை இல்லாமல் போய்விட்டது.

"ஐயா கோர்ட்டுல எழுதினவருன்னு சொன்னாங்க" என்றார் வேலாயி. "எங்க பக்கம் ஒரு டவர் போட்டுக் குடுங்கன்னு கேட்டு, சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் ஒண்ணு எழுதித் தாங்க. நாங்க எல்லாரும் ஒப்பம் வைக்கிறோம்."

பெரியதம்பி அண்ணன் பதறிப்போய், "அவருக்கு அது ஒத்துக்காது, வேற யாரையாச்சும்..." என்று தொடங்கினார். இவர் கையைக் காட்டி நிறுத்தினார். வேலாயியை உட்காரச் சொன்னார். மருமகளின் பெயர் என்ன, எத்தனை மணிக்கு வலி வந்தது, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலது பக்கத்தைத் திருப்பி, குனிந்து குனிந்து கேட்டார். பிறகு எழுதினார். எழுதியதைத் தமிழில் அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். வேலாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நடந்ததை அப்படியே எழுதியிருக்கீங்க ஐயா."

அவர்கள் போன பிறகு கேட்டேன். "இங்கயும் டவர் வந்துட்டா நீங்க எங்க போவீங்க?"

"தெரியல."

"அப்புறம் எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?"

என்னைப் பார்த்தார். "அந்தப் பொம்பளைக்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது பாலா?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். இந்த மனிதரைத்தான் மனசு சரியில்லை என்று நாங்கள் குளிசை கொடுத்து வைத்திருக்கிறோம்.

டிசம்பர் 5

கடையில் இருக்கும்போது பெரியதம்பி அண்ணன் எடுத்தார். மூச்சு வாங்கியது. மலை வளைவு வரை ஏறி வந்து பேசுகிறார். இவர் படிக்கட்டில் இறங்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியில் ஏற்றியிருக்கிறார்கள். என் கையிலிருந்த மாத்திரை அட்டையை மக்கீன் நானா வாங்கி வைத்தார். "போங்க தங்கச்சி, நான் பாத்துக்கொள்றேன்."

டிசம்பர் 6

தலையில் காயம் மட்டும். தையல் போட்டிருக்கிறார்கள். ஆனால் நேராக நிற்க முடியவில்லை. வார்ட்டு டொக்டர் காது கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

2025 ஜனவரி 7

காது கிளினிக். டொக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி ஒலிக்கவைத்து இவருடைய இடது காதருகே பிடித்தார். கேட்கிறதா? இல்லை. வலது பக்கம் பிடித்தார். கேட்கிறது.

"எப்போதிலிருந்து இடது பக்கம் கேட்கவில்லை?" என்றார் சிங்களத்தில்.

"டவர் வந்ததிலிருந்து."

அவர் டவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, சிரிக்கவுமில்லை. "அதற்கு முன்னால் போனை எந்தக் காதில் வைப்பீர்கள்?"

"வலது."

"எப்போதுமேவா?"

இவர் யோசித்தார். நானும் யோசித்தேன். ரோட்டில் நடக்கும்போது இவர் என்னைத் தன் வலது பக்கத்துக்கு மாற்றிக்கொள்வார். பல வருடமாக. இடது பக்கம் வந்துவிட்டால் மெதுவாக என் கையைப் பிடித்து இழுத்து வலது பக்கம் விடுவார். வாகனம் வரும் பக்கம் நான் நடக்கக் கூடாது என்று செய்கிறார் என நினைத்திருந்தேன். நான் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

பாசமும்தான். இருக்கட்டும். ஆனால் எனக்கு ஏன் தெரியாமல் போனது? ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்னிடம் வந்து காது வலி, காது அடைப்பு என்று சொல்கிறார்கள். எல்லோரிடமும் ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று கேட்பேனே. இவரிடம் மட்டும் ஏன் கேக்கல? இடது காதுன்னு அவரே சொன்னாரே.

பெப்ரவரி 4

ஸ்கேன் முடிவு வந்தது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லையாம். மெதுவாக வளரும் கட்டி. ஆனால் பெரிதாகிவிட்டது, மூளையின் அடித்தண்டை அழுத்துகிறது. எடுத்தாக வேண்டும்.

இவர் மிக அமைதியாகக் கேட்டார். "டவரால் வந்ததா?"

"இவ்வளவு பெரிதாக வளர எத்தனையோ வருடம் எடுத்திருக்கும். டவருக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்."

"போன் பேசியதாலா?"

டொக்டர் பேனையை மூடி வைத்தார். "பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. உங்களுக்கு ஏன் வந்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது."

இவர் எழுந்து கைகூப்பினார். வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் சொன்னார். "அந்த மனுசன் தெரியாதுன்னு சொன்னாரு பாரு பாலா. நான் இத்தனை நாளா யாராச்சும் அதைச் சொல்ல மாட்டாங்களான்னுதான் இருந்தேன்."

பிறகு ஸ்கேன் உறையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு: "ஆனா நானும்தான் தெரியும் தெரியும்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்."

நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை நான் சொன்னேனா? குளிசை விஷயத்தில் மன்னிச்சுக்குங்கன்னு? சொல்லல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன்.

பெப்ரவரி 16

இவர் போனைக் கையில் வாங்கி நிஷாவுடன் பேசினார். வலது காதில் வைத்து, வெகுநேரம். நான் குசினிக்குள் போய்விட்டேன். பேசி முடித்து வந்து, "அவ குரல் மாறிப்போச்சு" என்றார்.

மார்ச் 12

நாளை சத்திர சிகிச்சை. சாயங்காலம் மக்கீன் நானா வார்ட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் கடைசியாகப் பேசியது அந்த அறிவித்தல் கிழித்த அன்று. நானா கட்டிலின் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னார். இவருக்குக் கேட்கவில்லை. நானா சுற்றி வந்து வலது பக்கம் குனிந்தார்.

"இளங்கோ, ஒங்களுக்காகத் தொழுது துஆக் கேக்கிறேன். ஒண்டும் யோசிக்க வேணாம்."

இவர் அவர் கையைப் பிடித்தார். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி பேசியிருக்கக் கூடாது நானா."

"அத விடுங்க. ஒங்கட தமிழ் சரி. அந்தத் தாள்தான் பிழை."

நான் இன்றைக்குச் சொல்லிவிட்டேன். நானா போன பிறகு. டொக்டர் சொன்னதை நம்பி உங்களுக்கு மனசு சரியில்லைன்னு நினைச்சுட்டேன் என்று. "எனக்கே அப்படித்தான் இருந்திச்சு சில நாள்" என்றார். என் தலையில் கையை வைத்தார்.

மார்ச் 14

கண் விழித்தார். முகத்தின் இடது பாதி தொங்கிவிட்டது. கண்ணை மூட முடியவில்லை, பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லையாம், தண்டோடு ஒட்டிய பகுதியை விட்டுவிட்டார்கள்.

"சத்தம் நின்னுருச்சா?" என்று கேட்டேன்.

வாய் கோணிக்கொண்டு பதில் வந்தது. "இன்னும் கேக்குது. பழகிருச்சு."

மார்ச் 16

அதிகாலையில் மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள்.

இவர் போயிட்டார்.

மார்ச் 20

நிஷா வந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. ஹேவாஹெட்டவிலிருந்து வேலாயியும் லயத்து ஆட்களும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மக்கீன் நானா மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஏப்ரல் 27

அனீஸா டீச்சரும் ஒழுங்கை ஆட்களும் வந்தார்கள். புது மகஜர். மேலே இவருடைய படம், அடையாள அட்டைக்கு எடுத்தது, பெரிதாக்கியிருந்தார்கள். கீழே: "கோபுரக் கதிர்வீச்சுக்குப் பலியான எமது இளங்கோ ஐயா." முதல் கையெழுத்து நான் வைக்க வேண்டுமாம்.

டீச்சர் பொய்க்கு அழவில்லை. உண்மையாகவே அழுதார். "அவர் ஒருத்தர்தான் கடைசி மட்டும் செல்லிக்கொண்டே இருந்த. நாங்கதான் விட்டுட்டோம்."

நான் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். கட்டி டவருக்கு முன்பே இருந்திருக்கிறது. "டொக்டர்மார் அப்படித்தான் செல்லுவாங்க" என்றார் ஒருவர். அவருடைய குரலில் இவருடைய பழைய குரல் கேட்டது.

நான் கையெழுத்து வைக்கவில்லை. படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர்கள் எழும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 30

இன்று மறு பக்கம். கொம்பனியிலிருந்து டை கட்டிய ஒருவர் கடைக்கே வந்தார். மிக மரியாதையாகப் பேசினார். டவருக்கும் என் கணவரின் மரணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நான் இரண்டு வரி தந்தால் ஒழுங்கையில் உள்ளவர்களின் பயம் தீருமாம்.

"எனக்குத் தெரியாததை எழுத முடியாது" என்றேன்.

"டொக்டரே சொல்லியிருக்கிறாராமே?"

"ஏன் வந்துச்சுன்னு கேட்டா அவரும் தெரியாதுன்னுதான் சொன்னாரு."

அவர் போன பிறகு மக்கீன் நானா வந்து எனக்கெதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, டவரக் கழட்டச் செல்லட்டா? ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இரிக்கி. இருந்தாலும் நீங்க ஒரு வார்த்தை செல்லுங்க."

எங்களைக் கேட்கும் அந்த ஒரு வார்த்தைக்காக இவர் எத்தனை மாதம் காத்திருந்தார். இப்போது என் கையில் வந்து விழுகிறது.

"அவருக்காகன்னு கழட்ட வேணாம் நானா. வருஷா வருஷம் வந்து அளக்கச் சொல்லுங்க. அளந்ததை உள்ளது உள்ளபடி மூணு மொழியிலயும் ஒட்டச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு போடச் சொல்லுங்க."

"அப்படிப் போடுவாங்களா?"

"கேப்போம்."

ஜூன் 9

நிஷா தன்னோடு வந்துவிடும்படி கூப்பிடுகிறாள். இப்போதைக்கு இல்லை என்றேன். டீச்சர் ரோட்டில் கண்டும் காணாதது போலப் போகிறார்.

செப்டம்பர் 18

வெயில். கடையில் கூட்டமில்லை. அலவத்துகொடவிலிருந்து ஒரு இளம் பெண்பிள்ளை வந்தாள், ஜஹானா என்று பெயர். கணவனுக்குத் தலையிடிக் குளிசையும் காதுக்குச் சொட்டு மருந்தும் வேண்டுமாம்.

"காதுல என்ன?"

"கூ எண்டு கேக்கிதாம். எங்கட ஊர்ல டவர் வெச்சதிலிருந்து. பலபேர் அப்படித்தான் செல்றாங்க."

"ஒரு காதா, ரெண்டுமா?"

"ஒண்டுதான். வலது."

தட்டிலிருந்து எடுத்த போத்தலைத் திரும்ப வைத்தேன். டவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. காது கிளினிக் நடக்கும் நாளைத் துண்டில் எழுதிக் கொடுத்து, ஒரு பக்கம்தான் இரைச்சல் கேட்கிறது என்று மறக்காமல் சொல்ல வேண்டும், அதை முதலில் சொல்ல வேண்டும் என்றேன். அவள் மருந்து இல்லாமல் போகத் தயங்கினாள். மக்கீன் நானா காசு மேசையிலிருந்து, "தங்கச்சி செல்றதக் கேளும்மா" என்றார்.

வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "ஒங்கட வீட்டுக்காரருக்கும் காதுதானாமே, ஊர்ல கதைச்ச. இப்ப சுகமா?"

"இல்லம்மா" என்றேன். "அவரை டொக்டருக்குக் காட்டப் பிந்திப் போச்சு. நீங்க நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."